எலும்பும் கால்சியமும்: காலம் முழுக்க ஆராய என்ன இருக்கிறது?

அடுத்த கேள்வி உயிர்மருத்துவம் படிக்கும் ஒரு மாணவியிடமிருந்து வந்திருக்கிறது. "எலும்புக்குக் கால்சியம் வேண்டும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். எலும்பும் சத்துணவும் என்று ஒரு விஞ்ஞானி காலம் முழுக்க ஆராய அதில் என்ன மிச்சம் இருக்கிறது?" என்று கேட்கிறார்.

ஒருவருடைய வேலையைக் காட்டினால் இதற்குப் பதில் கிடைத்துவிடும். கானி வீவர் என்று ஒரு விஞ்ஞானி. உணவு அறிவியலில் ஆய்வுப் பட்டம் வாங்கியவர், கூடவே தாவர உடலியலும் படித்தவர். 1978-இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்தச் செடிப் படிப்பு அவருக்கு எங்கே கைகொடுத்தது என்று பாருங்கள்.

ஸ்பினாச் கீரையில் கால்சியம் நிறைய இருக்கிறது. சரி, சாப்பிட்டவர் உடம்பில் அதில் எவ்வளவு சேர்கிறது? ரத்தத்தில் ஏற்கெனவே கால்சியம் இருக்கிறது. கீரையிலிருந்து வந்தது எது, முன்பே இருந்தது எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் கீரையை மண்ணில்லாமல் சத்து நீரில் வளர்த்தார்கள். அந்த நீரில் கதிரியக்கக் கால்சியத்தை மிகச் சிறிய அளவில் கலந்தார்கள். வேர் அதை உறிஞ்ச, இலைக்குள் இருக்கும் கால்சியத்திலேயே அடையாளம் ஏறிவிட்டது. அந்தக் கீரையைச் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் அந்த அடையாளத்தைத் தேடினார்கள். ராபர்ட் ஹீனி, ராபர்ட் ரெக்கர் என்ற இரண்டு எலும்பு ஆய்வாளர்களோடும் சேர்ந்து வீவர் 1988-இல் வெளியிட்ட முடிவு இது: பாலில் இருந்து 27.6 சதவீதம் உடம்பில் சேர்ந்தது, ஸ்பினாச்சில் இருந்து வெறும் 5.1. கீரையில் உள்ள ஆக்ஸலேட் என்ற வேதிப்பொருள் கால்சியத்தை இறுகப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். ஆக்ஸலேட் குறைவாக உள்ள கேல் கீரையை இரண்டு வருடம் கழித்து சோதித்தபோது 40.9 சதவீதம் சேர்ந்தது. இரண்டும் பச்சைக் கீரைதான். அட்டவணையில் போட்டிருக்கும் மில்லிகிராமை மட்டும் நம்பி உணவைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

அப்புறம், உள்ளே போனதில் எவ்வளவு தங்குகிறது என்பது வேறு கேள்வி. இதற்காக 1990-இல் பர்டூவில் ஒரு கோடைக்கால முகாம் தொடங்கினார். 'கேம்ப் கால்சியம்' என்று பெயர். வளரிளம் பிள்ளைகள் வாரக்கணக்கில் அங்கேயே தங்குவார்கள். ஒவ்வொரு வேளை உணவும் எடை போட்டுத்தான் தட்டுக்கு வரும். வெளியே வருகிற சிறுநீரும் மலமும் ஒரு வேளைகூட விடாமல் சேகரிக்கப்படும். ஒரு பிள்ளை ஒரு முறை மறந்தால்கூடக் கணக்கு உதைக்கும். கேட்க முகம் சுளிக்கத் தோன்றும், ஆனால் வரவில் செலவைக் கழித்தால்தான் உடம்பில் தங்கியது எவ்வளவு என்று தெரியும். எனக்கு மிகவும் மரியாதை வருவது இந்த வேலையின் மேல்தான். 12 முதல் 15 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு சுமார் 1300 மில்லிகிராமுக்கு மேல் கொடுத்தாலும் தங்குவது கூடுவதில்லை என்று அந்தக் கணக்கு காட்டியது. 1997-இல் அமெரிக்காவில் 9 முதல் 18 வயது வரைக்கு 1300 என்று பரிந்துரை வந்ததில் இந்த மாதிரி ஆய்வுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த வயதை ஏன் பிடித்தார்கள் என்று கேட்பீர்கள். எலும்பில் கால்சியம் மிக வேகமாகப் படியும் இரண்டே வருடத்தில், பெரியவராகும்போது இருக்கப்போவதில் கால்வாசி சேர்ந்துவிடுகிறது. பெண்களுக்குப் பன்னிரண்டரை வயதையும் ஆண்களுக்குப் பதினான்கையும் ஒட்டி அந்தக் காலம் வருகிறது.

வயதானவர்களிடம் கேள்வி தலைகீழ். எலும்பிலிருந்து எவ்வளவு கரைகிறது? அதற்கு வீவர் கால்சியம்-41 என்ற அரிய வகையைப் பயன்படுத்தினார். அதன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் ஒரு லட்சம் வருடம். எனவே கதிர்வீச்சு மிகமிகக் குறைவு. ஒரே ஒரு முறை, துளியளவு கொடுத்தால் போதும். அது எலும்பில் படிந்து மாதங்கள் ஆன பிறகு, சிறுநீரில் வருகிற கால்சியம்-41 எலும்பிலிருந்து கரைந்து வந்ததுதான். அந்தச் சொற்ப அணுக்களை எண்ண, அதே பல்கலைக்கழக இயற்பியல் துறையில் இருந்த, அணுக்களை வேகப்படுத்திப் பிரித்தறியும் முடுக்கிக் கருவி கைகொடுத்தது.

எலும்பு அடர்த்தி ஸ்கேனில் மாற்றம் தெரிய ஒரு வருடமாவது காத்திருக்க வேண்டும். இந்த முறையில் 50 நாளில் தெரிந்தது. அதனால் மாதவிடாய் நின்ற அதே 11 பெண்களிடம் சோயா, ரெட் குளோவர் என்ற செடி, எலும்புத் தேய்மான மாத்திரை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்க முடிந்தது. மாத்திரை கரைவதை ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே குறைத்தது. சோயா பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக. ரெட் குளோவரில் ஒன்றும் தெரியவில்லை.

ஆகவே, நீங்கள் இந்தத் துறைக்கு வர நினைத்தால் மருத்துவப் பாடங்களோடு பகுப்பாய்வு வேதியியலையும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் செடிகளைப் பற்றிய ஒரு பாடமும்.