காட்டுத்தீ ராஜாவை எரிக்குமா? ஃபேன்டஸி ரெல்ம்ஸ் ஆட்டத்தில் ஒரு பஞ்சாயத்து

அடுத்த கேள்வி கொஞ்சம் நீளம். சுருக்கிப் படிக்கிறேன். “நாங்கள் நான்கு நண்பர்கள் ஃபேன்டஸி ரெல்ம்ஸ் ஆடினோம். என் கையில் காடு இருந்தது. அது எரிந்துவிடக் கூடாது என்று காட்டுத்தீயைக் கீழே போட்டேன். அதோடு கீழே ஒன்பது சீட்டு. அடுத்து உட்கார்ந்திருந்தவர் அந்தக் காட்டுத்தீயை எடுத்துக்கொண்டார். அவர் ராஜா, ராணியை எல்லாம் எங்கள் கண் முன்னால்தான் எடுத்திருந்தார், அதனால் நாங்கள் சிரித்தோம். கடைசியில் தனக்கு 227 என்கிறார். எங்கள் கணக்கில் 41தான் வருகிறது. யார் சரி? இன்னொரு சந்தேகம்: ஆளுக்கு இரண்டு மூன்று தடவை சீட்டு எடுப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. இது வெறும் அதிர்ஷ்டம்தானே?” அவர் கையில் இருந்த ஏழு சீட்டையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார், நல்ல காரியம் செய்தார்.

முதலில் பஞ்சாயத்தை முடித்துவிடுவோம். உங்கள் நண்பர் சொன்னதுதான் சரி. 227.

இந்த ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. புரூஸ் கிளாஸ்கோ வடிவமைத்து, விஸ்கிட்ஸ் நிறுவனம் 2017இல் வெளியிட்ட சீட்டாட்டம். ஜெர்மனியில் கென்னர்ஷ்பீல் என்று ஒரு விருது கொடுப்பார்கள், ஓரளவு ஆடிப் பழகியவர்களுக்கான ஆட்டங்களுக்கு. 2021இல் அதன் இறுதிப் பட்டியல் வரை இது போனது. மொத்தம் 53 சீட்டு. பத்து இனங்களில் ஐந்தைந்து சீட்டு, மீதி மூன்றும் ஜோக்கர் மாதிரி. ஆளுக்கு ஏழு சீட்டு. உங்கள் முறை வந்தால் மூடி வைத்த சீட்டுக்கட்டிலிருந்தோ, கீழே போட்டதிலிருந்தோ ஒன்று எடுக்க வேண்டும், ஒன்று போட வேண்டும். ரம்மி ஆடத் தெரிந்தவருக்கு இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும். ரம்மியோடு ஒப்பிட்டால் இரண்டு வித்தியாசம் முக்கியம். போட்ட சீட்டெல்லாம் முகம் தெரியப் பரப்பிக் கிடக்கும், அதில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், மேல் சீட்டு மட்டும் என்றில்லை. அப்புறம், இங்கே யாரும் டிக்ளேர் செய்வதில்லை. கீழே பத்தாவது சீட்டு விழுந்த நொடியில் ஆட்டம் முடிந்தது, எல்லாரும் கையை விரித்துக் காட்டிக் கணக்குப் போட வேண்டியதுதான்.

சீட்டில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். எங்கள் வீட்டில் தமிழில் பேர் வைத்துதான் ஆடுவோம், அதையே சொல்லிக்கொண்டு போகிறேன். புரொடெக்ஷன் ரூனுக்கு எங்கள் வீட்டில் தாயத்து என்று பேர்.

இந்தத் தாயத்துதான் உங்கள் பஞ்சாயத்தின் முடிச்சு. படத்தில் அவர் கையைப் பாருங்கள்: ராஜா, ராணி, நைட்ஸ் படை, குதிரைப்படை, குள்ளர் படை, காட்டுத்தீ, தாயத்து. காட்டுத்தீ 40 புள்ளி உள்ள சீட்டு. ஆனால் அது கையில் இருந்தால் பல இனங்கள் செல்லாமல் போய்விடும். ராஜா, ராணி, படைகள், காடு எல்லாம் காலி. செல்லாத சீட்டு என்றால் அதற்குப் பெயரில்லை, இனமில்லை, புள்ளியில்லை, கையில் இல்லாத மாதிரியே கணக்கு. அப்படிப் பார்த்துத்தான் நீங்கள் 40உம் தாயத்தின் 1உம் சேர்த்து 41 போட்டிருக்கிறீர்கள்.

ஆனால் சில இனங்களைக் காட்டுத்தீ தொடாது. மந்திரவாதிகள், வானிலை, ஆயுதங்கள், தாயத்து மாதிரியான மாயப் பொருட்கள் எல்லாம் அதில் அடக்கம். ஆகவே தாயத்து எரியாது. அதன் வேலை என்ன? கையில் உள்ள எல்லாச் சீட்டிலும் தண்டனையாக எழுதியிருக்கும் பகுதியைத் துடைத்துவிடும். ‘மற்றதைச் செல்லாததாக்கும்’ என்பதே காட்டுத்தீயின் தண்டனைப் பகுதிதான். கணக்கு வரிசையில் துடைப்பது முதலில், செல்லாமல் ஆக்குவது பிறகு. தண்டனை துடைக்கப்பட்ட காட்டுத்தீ வெறும் 40 புள்ளி, யாரையும் எரிக்காது.

இப்போது கூட்டிப் பாருங்கள். ராஜாவும் ராணியும் சேர்ந்து இருந்தால் ஒவ்வொரு படைக்கும் ஆளுக்கு 20. ராஜா 8, மூன்று படைக்கு 60, ஆக 68. ராணி 6, அவருக்கும் 60, ஆக 66. நைட்ஸ் 20, குதிரைப்படை 17. குள்ளர் படை 15, மற்ற படைகளைப் பார்த்தால் அவர்களுக்கு முகம் சுளிக்கும், ஒவ்வொன்றுக்கும் 2 குறையும், ஆனால் தாயத்து அதையும் துடைத்துவிட்டது. காட்டுத்தீ 40, தாயத்து 1. மொத்தம் 227. ஆட்டத்தை அவர் பேரில் எழுதிவிடுங்கள். சிரித்ததற்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுங்கள்.

விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். பெரும்பாலானவை கதைக்குள்ளேயே இருக்கின்றன. மழை வந்தால் நெருப்புச் சீட்டெல்லாம் அணைந்துவிடும், மின்னல் மட்டும் அணையாது, மழையோடு சேர்ந்தால் அதற்கு 30 கூடுதலாகவே கிடைக்கும். டிராகனைக் கட்டி மேய்க்க மந்திரவாதி இல்லையென்றால் 40 போய்விடும், அதன் சொந்தப் புள்ளியே 30தான். போர்க்கப்பல் தண்ணீர்ச் சீட்டு இல்லாமல் மிதக்காது. புகை என்று 27 புள்ளியில் ஒரு சீட்டு, கையில் ஒரு நெருப்பாவது இல்லையென்றால் அது செல்லாது. நெருப்பில்லாமல் புகையுமா என்று நம் பாட்டி கேட்டதுதான். இதைச் சொல்லிக் கொடுத்தால் எட்டு வயதுப் பிள்ளைகூட மறக்காது.

நீங்கள் பயந்து போட்ட அந்தக் காட்டுத்தீயை வைத்துக்கொண்டே பெரிய கை கட்டலாம். மலை, புகை, காட்டுத்தீ மூன்றும் சேர்ந்தால் மலைக்கு 50 கூடும். மலை 59, புகை 27, காட்டுத்தீ 40, மூன்று சீட்டில் 126. இதோடு சூனியக்காரத் தலைவர் ஒருவர் 25. அவரும் மந்திரவாதிதான், அதனால் டிராகன் சொன்னபடி கேட்கும், 30. மந்திரவாதி இருந்தால் மந்திரக்கோலுக்கு 26. மின்னல் 11. மொத்தம் 218, தாயத்தே இல்லாமல். இதில் ஒன்றையும் காட்டுத்தீ எரிக்காது. உங்கள் காடு 7 புள்ளி. அதில் மிருகங்கள் எத்தனை சேர்த்து வைத்திருந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

சரி, அதிர்ஷ்டம். முதல் கையில் அதிர்ஷ்டம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கீழே கிடக்கும் பத்துச் சீட்டை நீங்கள் குப்பையாகப் பார்க்கிறீர்கள். அதுதான் ஆட்டத்தின் கடிகாரம். கட்டிலிருந்து ஒன்று எடுத்து ஒன்று போட்டால் கீழே ஒன்று கூடும், கடிகாரம் நகரும். கீழேயிருந்து ஒன்று எடுத்து ஒன்று போட்டால் எண்ணிக்கை மாறாது, கடிகாரம் நிற்கும். அதாவது ஆட்டம் எத்தனை சுற்று போக வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். எல்லாரும் கட்டிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தால் பத்து முறையில் முடிந்துவிடும். நான்கு பேர் என்றால் ஆளுக்கு இரண்டோ மூன்றோதான். நீங்கள் சொன்ன அதே கணக்கு. உங்கள் கை அமைந்துவிட்டதா, கட்டில் கை வையுங்கள், மற்றவர்கள் தேறுவதற்குள் முடிக்கலாம். இன்னும் ஒரு சீட்டு வேண்டுமா, கீழே சுமாராக ஒன்று கிடந்தாலும் அதை எடுத்து நேரத்தை இழுங்கள். ஒன்பது கிடக்கும்போது உங்கள் நண்பர் அதைத்தான் செய்தார். எடுத்தார், போட்டார், ஒன்பது ஒன்பதாகவே இருந்தது.

இன்னொரு கணக்கு, இதை முதலிலேயே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். மூன்று பேர் ஆடினால் கையில் 21, கட்டில் 32. எல்லாரும் கட்டிலிருந்தே எடுத்தாலும் பத்துதான் வெளியே வரும், 22 சீட்டு முகம் காட்டாமலே தூங்கும். நான்கு பேர் என்றால் 15 தூங்கும். ஆறு பேர் என்றால் கையில் 42, கட்டில் 11. கடைசியில் ஒரே ஒரு சீட்டுதான் மிஞ்சும். ஆக மூன்று பேர் ஆட்டத்தில் ஒரு குறிப்பிட்ட சீட்டுக்காகக் காத்திருப்பது ஆபத்து. ஆறு பேர் ஆட்டத்தில் உங்களுக்கு வேண்டிய சீட்டு அநேகமாக எதிரே உட்கார்ந்திருப்பவர் கையில் இருக்கும். அவருக்கு அது பிரயோஜனப்படாமல் போகும்படி ஆட வேண்டும், அவரே போட்டுவிடுவார்.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். மெழுகுவர்த்தி என்று ஒரு சீட்டு, சொந்தப் புள்ளி 2. மணிக்கூண்டு, மாற்றுப் புத்தகம், யாராவது ஒரு மந்திரவாதி, மூன்றும் சேர்ந்தால் அதற்கு 100 கூடும். அந்த மந்திரவாதி மாயக்காரியாக இருந்தால் நான்கு சீட்டிலேயே 143 வந்துவிடும். மூன்று பேர் ஆட்டம். முதல் கையிலேயே மெழுகுவர்த்தி, மணிக்கூண்டு, மாயக்காரி மூன்றும் வந்தன. விடுவேனா? புத்தகத்துக்காகக் கட்டிலேயே எடுத்துக்கொண்டிருந்தேன், நானே கடிகாரத்தை ஓட்டினேன். புத்தகம் அந்தத் தூங்குகிற 22இல் இருந்திருக்கிறது. என் மொத்தம் நூறைத் தொடவில்லை. மைத்துனர் இன்றுவரை மின்சாரம் போனால் “மெழுகுவர்த்தி இருக்கிறதா மச்சான்” என்று கேட்கிறார்.

போடுவதிலும் கவனம் வேண்டும். கீழேயிருந்து எடுப்பதை எல்லாரும் பார்க்கிறார்கள். ஒருவர் மணிக்கூண்டை எடுத்தால் மெழுகுவர்த்தியை உடனே போடாதீர்கள், இரண்டு புள்ளிச் சீட்டுதானே என்று நினைக்கவும் வேண்டாம். அதுபோல, படையாகச் சேர்க்கிற ஒருவருக்கு முன்னால் காட்டுத்தீயைப் போடுவது பொதுவாகப் பத்திரம்தான். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: தாயத்து இதுவரை கீழே வந்ததா? வரவில்லையென்றால் அது கட்டில் இருக்கலாம், யார் கையிலாவதும் இருக்கலாம். உங்கள் நண்பர் சிரிப்பைத் தாங்கிக்கொண்டு அதை எடுத்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ராஜா ராணியை வைத்துக்கொண்டு யாராவது சும்மா காட்டுத்தீயை எடுப்பார்களா?

கணக்குப் போடும்போது சண்டை வராமலிருக்க வரிசை ஒன்று. சுடுகாட்டு மந்திரவாதி, அதாவது நெக்ரோமான்சர் இருந்தால், கீழே கிடப்பதில் ஒருவரை உங்கள் கைக்கு எட்டாவது சீட்டாக முதலில் எழுப்பிவிடுங்கள். பிறகு ஜோக்கர் எதுவாக நிற்கிறது, மாற்றுப் புத்தகம் எந்தச் சீட்டின் இனத்தை மாற்றுகிறது என்று சொல்லுங்கள். அப்புறம் துடைக்கிற சீட்டுகள். அப்புறம் செல்லாமல் ஆக்குகிற சீட்டுகள். மிச்சமிருப்பதைத்தான் கூட்ட வேண்டும். ஆட்டம் இருபது நிமிடம், கணக்கு பத்து நிமிடம் என்று எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது. மொபைலில் சீட்டைத் தொட்டால் கூட்டிச் சொல்கிற செயலிகள் இருக்கின்றன. புதியவர்கள் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, இரண்டு பேர் ஆடலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஆடலாம், அதற்குத் தனி விதி, கையில் ஒரு சீட்டும் இல்லாமல் தொடங்கிச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். எனக்கு அது அவ்வளவு ஒட்டவில்லை, கீழே கிடப்பதற்குப் போட்டி போட ஆள் குறைவு. என் மனைவிக்கு அதுதான் பிடிக்கும், ஏனென்றால் அதில் அவர்தான் ஜெயிக்கிறார். சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.