சப்ஜெக்ட்ல ஒரு நம்பரை மாத்தினா அடுத்தவர் டிக்கெட்டுக்குள்ள போயிடலாமா? ஹெல்ப் டெஸ்க் மெயில் உள்ளே நடக்கிற கதை

[திரையில்: ஒரு மெயிலின் சப்ஜெக்ட் வரி. 4521 என்ற எண் 4522 ஆக மாறுகிறது.]

உங்க கம்பெனி ஹெல்ப் டெஸ்க்ல இருந்து வந்த ஏதாவது ஒரு மெயிலைத் திறங்க. சப்ஜெக்ட்ல அடைப்புக்குறிக்குள்ள ஒரு டிக்கெட் நம்பர், அதாவது புகாரோட பதிவு எண், இருக்கும். 4521-னு வெச்சுக்குவோம். இப்போ சம்பந்தமே இல்லாத வேற ஒரு மெயில் ஐடியில இருந்து, அந்த நம்பரை 4522-னு மாத்தி, 'ஹலோ'னு ஒரு வரி எழுதி சப்போர்ட் முகவரிக்கு அனுப்புங்க. அந்த ஹலோ போய் முன்பின் தெரியாத ஒரு கஸ்டமரோட டிக்கெட்டுக்குள்ள உட்கார்ந்துச்சுன்னா, இந்த வீடியோ உங்களுக்குத்தான். அடுத்து ஏஜென்ட் அந்தக் கஸ்டமருக்கு எழுதுற பதில் உங்களுக்கும் காப்பி வந்துச்சுன்னா, வீடியோவை நிறுத்திட்டு முதல்ல அட்மினுக்கு போன் போடுங்க.

சொந்த கம்பெனியில மட்டும், சொல்லிட்டுச் செய்யுங்க. அடுத்தவங்க சிஸ்டத்துல விளையாடிட்டு சேனல் பேரைச் சொல்லாதீங்க.

[தலைப்பு இசை, 3 நொடி]

அடிப்படை ஒரே மூச்சுல: சப்போர்ட் முகவரிக்கு மெயில் வருது. அது புதுப் புகாரா, பழைய டிக்கெட்டுக்கு வந்த பதிலான்னு சாஃப்ட்வேர் முடிவு பண்ணணும். அதுக்குத் துப்பு கிடைக்கிற இடம் மூணு. சப்ஜெக்ட்ல இருக்கற நம்பர், மெயில் ஹெடர் (மெயிலோட கண்ணுக்குத் தெரியாம வர்ற தகவல் வரிகள்), பதில் வந்து சேர்ற முகவரி. அவ்வளவுதான் பின்னணி.

சப்ஜெக்ட் நம்பரைச் சட்டுனு முடிச்சுடலாம். எல்லாரும் இதுலதான் ஆரம்பிக்கறாங்க, ஏன்னா எழுத ஒரே ஒரு ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைத் தேடுற சின்ன விதி) போதும். கெட்டுப்போறதும் அதனாலதான். ஹேஷ் குறியும் நாலு இலக்கமும் வந்தா டிக்கெட்னு எழுதி வெச்சிருப்பீங்க. கஸ்டமர் 'இன்வாய்ஸ் #4521 தப்பா இருக்கு'னு எழுதுவார். அது நேரா இன்னொருத்தர் டிக்கெட்டுக்குப் போயிடும். ரிக்வெஸ்ட் டிராக்கர்ங்கற ஹெல்ப் டெஸ்க் சாஃப்ட்வேர்ல நம்பருக்கு முன்னாடி நிறுவனத்தோட பேரையும் சேர்த்து அடைப்புக்குறிக்குள்ள போடறது இதுக்காகத்தான். ஓடிஆர்எஸ்ங்கற இன்னொண்ணுல தேதியும் செக்சம்ங்கற சரிபார்ப்பு இலக்கமும் சேர்ந்த நீளமான டிக்கெட் நம்பர் வெச்சுக்க முடியும். ஒரு இலக்கம் தப்பினா பெரும்பாலும் செக்சம் ஒத்துப்போகாது. நல்ல யோசனை. ஆனா செக்சம் கைப்பிழையைத்தான் பிடிக்கும், திருடனைப் பிடிக்காது.

ஜம்மாட்ங்கற ஹெல்ப் டெஸ்க் சாஃப்ட்வேர் வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. டிக்கெட் நம்பரை மெயிலோட பாடியிலயும் அட்டாச்மென்ட்லயும்கூடத் தேடுன்னு அதுல ஒரு செட்டிங் இருக்கு. தயவுசெஞ்சு கண்ணை மூடிக்கிட்டு டிக் பண்ணாதீங்க. கஸ்டமர் பழைய மெயிலை மேற்கோளா ஒட்டி, 'போன தடவை இந்த டிக்கெட்ல சொன்ன மாதிரியே இப்பவும்'னு எழுதினா, புதுப் புகார் பழைய டிக்கெட்டுக்குள்ள புதைஞ்சு போயிடும். யாரும் பார்க்க மாட்டாங்க.

[திரையில்: ஒரு மெயிலின் மூல வடிவம். மூன்று ஹெடர் வரிகள் மஞ்சளில்.]

இப்போ எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வந்துட்டோம். ஹெடர்.

எந்த மெயில் கிளம்பினாலும் அதுக்கு மெசேஜ்-ஐடினு தனி அடையாளம் ஒண்ணு உண்டு. நீங்க ரிப்ளை அடிச்சா, உங்க மெயில் ஆப் அந்த ஐடியை எடுத்து இன்-ரிப்ளை-டு வரியில போடும். ரெஃபரன்சஸ் வரியில, அதுக்கு முன்னாடி இருந்த ரெஃபரன்சஸ் முழுசையும் எழுதி, கடைசியில இந்த ஐடியையும் சேர்க்கும். இந்த மூணு வரியும் 1982-ல வந்த மெயில் விதி ஆவணமான ஆர்.எஃப்.சி 822-லயே இருக்கு. இப்போ புழக்கத்துல இருக்கறது 2008-ல வந்த 5322.

சலவைக்குப் போடுற சட்டையில காலருக்கு உள்பக்கம் மையால ஒரு குறி போடுவாங்க இல்லையா? சட்டையைப் போட்டுக்கிட்டுத் திரியற நமக்கு அது கண்ணுலயே படாது. கடைக்காரருக்கு அது போதும், யார் வீட்டுத் துணின்னு கண்டுபிடிச்சிடுவார். ஹெடர் அந்தக் குறி. சப்ஜெக்ட் நம்பர், சட்டைப் பையில வெச்சு அனுப்பின துண்டுச்சீட்டு. யார் வேணும்னாலும் எடுத்துப் போடலாம், மாத்தி வைக்கலாம்.

சரி, இங்கே பல ஹெல்ப் டெஸ்க் கோட்ல ஒரு ஓட்டை இருக்கு. நாம அனுப்பின மெயிலோட ஐடியை மட்டும் டேட்டாபேஸ்ல வெச்சிருப்பாங்க. உள்ளே வந்த மெயிலோட ஐடியை வெச்சிருக்க மாட்டாங்க. என்ன ஆகும்?

அக்கவுண்ட்ஸ்ல இருக்கற லதா உங்களுக்குப் புகார் மெயில் அனுப்பறாங்க. அவங்க மேனேஜர் குமார் சிசி-ல இருக்கார். உங்க சிஸ்டம் 4521-னு டிக்கெட் போட்டு, லதாவுக்கு ஒப்புகை அனுப்புது. குமார் அதைப் பார்க்கவே இல்ல. அவர் லதாவோட மெயிலுக்கு 'ரிப்ளை ஆல்' அடிச்சு, 'ஆமா, இது அவசரம்'னு எழுதறார். அந்த மெயில் சப்ஜெக்ட்ல டிக்கெட் நம்பர் கிடையாது. இன்-ரிப்ளை-டு வரியில இருக்கறது லதாவோட ஐடி, உங்களோடது இல்ல. உங்க டேட்டாபேஸ்ல லதாவோட ஐடி இல்லைன்னா, 4522 பிறக்கும். அதுக்கு ஒரு ஒப்புகை போகும். குமார் அதுக்கு ஒரு ரிப்ளை. ஒரே புகாருக்கு ரெண்டு ஏஜென்ட், ரெண்டு பதில், ஒண்ணுக்கொண்ணு முரணா. கஸ்டமர் சிரிப்பார், நாம சிரிக்க முடியாது.

மருந்து: உள்ளே வர்றதோ வெளியே போறதோ, எல்லா ஐடியையும் டிக்கெட்டோட சேர்த்து எழுதி வைங்க. இன்னும் ஒரு படி போங்க. ரெண்டு வொர்க்கர் (பின்னணியில ஓடுற புரோகிராம்) ஒரே நேரத்துல மெயில் எடுத்துக்கிட்டு இருந்தா, குமாரோட பதில் லதாவோட மெயிலுக்கு முன்னாடியே முடிஞ்சிடலாம். அதனால ஒவ்வொரு மெயிலோட ரெஃபரன்சஸ்ல இருக்கற ஐடிகளையும் சேமிங்க. புது மெயில் வந்தா அதோட ஐடியை ஏற்கெனவே யாராவது சுட்டிக்காட்டியிருக்காங்களான்னு திருப்பித் தேடுங்க. பிள்ளை முதல்ல வந்தாலும் அப்பா வந்ததும் சேர்ந்துக்கும்.

சேமிக்கறதுலயும் குழி இருக்கு. டேபிள்ல ஐடிக்கான நெடுவரிசையை 255 எழுத்துக்கு வெச்சிருப்பீங்க. அதைத் தாண்டுற ஐடியும் வரும். வால் வெட்டுப்பட்டா அப்புறம் ஒத்தே போகாது. ஷா-256 ஹேஷ் (எவ்வளவு நீள ஐடியையும் ஒரே நீளக் குறியா மாத்தறது) எடுத்து அந்த 64 எழுத்தை இண்டெக்ஸ் பண்ணுங்க, பிரச்னை முடிஞ்சது. மைசீக்வல் டேட்டாபேஸோட வழக்கமான கொலேஷன்ல (எழுத்தை ஒப்பிடுற விதி) பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒண்ணுதான். மெசேஜ்-ஐடிக்கு அப்படி இல்ல, எழுத்துக்கு எழுத்து அப்படியே ஒப்பிடணும். ரெஃபரன்சஸ் நீளமானா பல வரியா மடிஞ்சு வரும். முதல் வரியை மட்டும் படிக்கிற கோட், இருக்கறதுலயே பழைய ஐடியைத்தான் பார்க்கும். மடிப்பைப் பிரிச்சு, கடைசியில இருந்து ஆரம்பத்தை நோக்கித் தேடுங்க. கடைசியில இருக்கறதுதான் கிட்டத்து சொந்தம்.

[திரையில்: அனுப்பிய ஐடி ஒன்று, போய்ச் சேர்ந்த ஐடி வேறொன்று.]

அடுத்து, மண்டையைப் பிய்ச்சுக்க வைக்கிற ஒண்ணு. நீங்க அழகா ஒரு மெசேஜ்-ஐடி உருவாக்கி, டேட்டாபேஸ்ல எழுதி, அமேசானோட மெயில் அனுப்புற சேவையான எஸ்இஎஸ் வழியா அனுப்பறீங்க. எஸ்இஎஸ் அந்த ஐடியைத் தூக்கிப் போட்டுட்டுத் தன் ஐடியைப் போடும். இது பிழை இல்ல, அவங்களே ஆவணத்துல எழுதி வெச்சிருக்கற நடத்தை. கஸ்டமர் பதில்ல வர்றது எஸ்இஎஸ் போட்ட ஐடி. உங்க டேட்டாபேஸ்ல அது இல்ல. டெஸ்ட் சர்வர்ல எல்லாம் ஓடும், லைவ்ல ஒண்ணும் ஓடாது.

ரெண்டு வழி, ரெண்டையும் செய்யுங்க. அனுப்பினதும் எஸ்இஎஸ் ஒரு ஐடி திருப்பித் தரும். எஸ்எம்டிபி (மெயில் சர்வர்கள் பேசிக்கிற முறை) வழியா அனுப்பினா, 'ஏத்துக்கிட்டேன்'னு சொல்ற 250 பதில் வரியிலயே இருக்கும். அதைச் சேமிங்க. ஹெடர்ல அதோட ரீஜன் பேரும் அமேசான்எஸ்இஎஸ் டொமைனும் ஒட்டிக்கிட்டு வரும், அதனால ஒப்பிடறப்போ அட் குறிக்கு முன்னாடி இருக்கறதை மட்டும் எடுத்துக்கங்க.

ரெண்டாவது வழிதான் இந்த வீடியோவோட அல்வா. டிக்கெட் பிறக்கறப்பவே அதுக்குன்னு ஒரு ஐடியைக் கற்பனையா உருவாக்குங்க. அந்த ஐடியில எந்த மெயிலும் இருக்காது. அந்த டிக்கெட்டுக்கு நீங்க அனுப்புற ஒவ்வொரு மெயில்லயும் ரெஃபரன்சஸ் வரியில அதைப் போடுங்க. பதில் எழுதறப்போ பழைய ரெஃபரன்சஸை அப்படியே சுமந்துக்கிட்டு வரணும்னு விதி சொல்லுது இல்லையா? அதனால நடுவுல யார் மெசேஜ்-ஐடியை மாத்தினாலும் உங்க குறி திரும்பி வந்துடும். ஒண்ணு மட்டும்: அதுல டிக்கெட் நம்பரை வைக்காதீங்க. ரேண்டமா, யூகிக்க முடியாததா இருக்கணும்.

இதுக்கு லைக் போடலைன்னா எதுக்குப் போடுவீங்க?

[திரையில்: பிளஸ் குறியுடன் ஒரு சப்போர்ட் முகவரி.]

மூணாவது துப்பு, பதில் முகவரி. ரிப்ளை-டு வரியில சப்போர்ட், பிளஸ் குறி, அப்புறம் டிக்கெட்டுக்கான குறியீடு. போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வர்ல ரெசிபியன்ட் டிலிமிட்டரை (முகவரியைப் பிரிக்கிற குறி) பிளஸ்னு வெச்சா வேலை செய்யும். அந்தக் குறியீடு வெறும் டிக்கெட் நம்பரா இருந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு ஊரறிஞ்ச உதாரணம் இருக்கு.

2024-ல 15 வயசுப் பையன் ஒருத்தன் வெளியிட்ட விஷயம். ஜென்டெஸ்க்ங்கற ஹெல்ப் டெஸ்க் சேவையில பதில் முகவரியில டிக்கெட்டோட ஐடி இருந்துச்சு. அது ஒண்ணொண்ணா ஏறிப் போற நம்பர், யூகிக்கறது சுலபம். டிக்கெட் போட்டவர் பேர்ல போலி மெயில் ஒண்ணு அந்த முகவரிக்கு, சிசி-ல தன் முகவரி. 'கஸ்டமரே கூட ஒருத்தரைச் சேர்க்கறார்'னு சிஸ்டம் நம்பிடுச்சு. அந்த டிக்கெட்டோட முழு உரையாடலும் கைக்கு வந்துடும். அதோட நிக்கல. கம்பெனியோட சப்போர்ட் முகவரியைக் கொடுத்து ஆப்பிள் கணக்கு தொடங்கினா, சரிபார்ப்புக் குறியீடு சப்போர்ட்டுக்கு வரும், டிக்கெட்டா மாறும். அதே வித்தையால அதையும் படிச்சு, ஆப்பிள் கணக்கு வழியா கம்பெனியோட உள் அரட்டை ஆப்பான ஸ்லாக்குக்குள்ள போக முடிஞ்சுது. முதல்ல அவன் சொன்னப்போ, போலி மெயில் எங்க பக்-பவுண்டி (பிழை சொன்னா பரிசு தர்ற திட்டம்) வரம்புக்குள்ள வராதுன்னு ஜென்டெஸ்க் தரப்புல தள்ளிட்டாங்க. அப்புறம்தான் சரிசெஞ்சாங்க. பாதிக்கப்பட்ட கம்பெனிகள் கிட்ட இருந்து அவனுக்கு 50,000 டாலருக்கு மேல கிடைச்சுது. எனக்குக் கேட்டா, அது கம்மி.

அதனால பிளஸ்ஸுக்கு அப்புறம் டிக்கெட் நம்பரோட ஒரு ஹெச்மாக் கையெழுத்தும் (உங்க ரகசியச் சாவியால உருவாக்குற குறி) வைங்க. 10 பைட் போதும், பேஸ்32-ல 16 எழுத்து. பேஸ்64-ல பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேற வேற, அது வேண்டாம். வழியில சில சர்வர்கள் முகவரியைச் சின்ன எழுத்தா மாத்திடும், கையெழுத்து செத்துடும். அட் குறிக்கு முன்னாடி மொத்தம் 64 எழுத்துதான் வரம்பு, மறந்துடாதீங்க.

கையெழுத்து சரியா இருந்தாலும் ஆள் சரியான்னு தனியாப் பார்க்கணும். அனுப்பினவர் டிக்கெட் போட்டவரா, இல்ல அவர் சிசி-ல வெச்சவரா? ரெண்டும் இல்லைன்னா மெயிலைத் தனியா நிறுத்தி வெச்சு, 'இது 4521-ஆ இருக்கலாம்'னு ஏஜென்ட்டுக்குக் காட்டுங்க. புதுசா ஒருத்தரை சிசி-ல சேர்க்கறது, டிகிம் அல்லது டிமார்க் (அனுப்பின டொமைன் போலியான்னு பார்க்கிற சோதனைகள்) தேறின மெயிலுக்கு மட்டும். அந்தத் தேர்வு முடிவையும் உங்க சர்வர் எழுதின ஹெடர்ல இருந்து மட்டும் படிங்க. வர்ற மெயில்லயே 'நான் பாஸ்'னு எழுதி அனுப்பற புத்திசாலிகள் இருக்காங்க.

இந்த முகவரி முறையில கையெழுத்தாலயும் தீராத ஒரு தொல்லை: கஸ்டமரோட மெயில் ஆப் அந்த முகவரியை ஞாபகம் வெச்சுக்கும். ஆறு மாசம் கழிச்சு 'சப்போ'னு டைப் பண்ணினதும் பழைய டிக்கெட் முகவரி வந்து நிக்கும். புதுப் புகார் மூடின டிக்கெட்டுக்குப் போகும். அதனால மூடி 28 நாள் மாதிரி ஒரு கெடு தாண்டினா, பழைய டிக்கெட்டைத் திறக்காம புதுசு ஒண்ணு போட்டு, பழசுக்கு இணைப்பு மட்டும் கொடுங்க.

தானியங்கி பதில்கள் பத்தி ஒரே வாக்கியம்: ஆட்டோ-சப்மிட்டட் ஹெடர் 'நோ' தவிர வேற எதுவா இருந்தாலும், அனுப்பினவர் பாதை (ரிட்டர்ன்-பாத் வரி) காலியா இருந்தாலும், டிக்கெட்ல சேருங்க, ஆனா ஒப்புகை அனுப்பாதீங்க, இல்லைன்னா ரெண்டு ஹெல்ப் டெஸ்க் ராத்திரி முழுக்க ஒண்ணுக்கொண்ணு நன்றி சொல்லிக்கிட்டு இருக்கும்.

[திரையில்: பாய்வு வரைபடம்.]

தேடுற வரிசை இதுதான். முதல்ல இந்த மெசேஜ்-ஐடி ஏற்கெனவே வந்ததான்னு பாருங்க, சப்போர்ட்டுக்கும் சேல்ஸுக்கும் ஒரே மெயிலை அனுப்பறவங்க நிறைய. அப்புறம் கையெழுத்துள்ள முகவரி, அப்புறம் இன்-ரிப்ளை-டு, அப்புறம் ரெஃபரன்சஸ், கடைசியா சப்ஜெக்ட் நம்பர். எந்த வழியில பொருந்தினாலும் ஆள் சோதனையும் கெடு சோதனையும் உண்டு. சப்ஜெக்ட் வாசகம் ஒரே மாதிரி இருக்குன்னு மட்டும் சேர்க்கவே சேர்க்காதீங்க. 'பேமென்ட் பிரச்னை'னு ஒரு நாளைக்கு எத்தனை மெயில் வரும்னு உங்களுக்கே தெரியும்.

டிக்கெட் மெசேஜ் டேபிள்ல 'எந்த விதியால பொருந்துச்சு'னு ஒரு நெடுவரிசை சேர்த்துடுங்க. ஒரு வாரம் கழிச்சு அதை எண்ணிப் பாருங்க. சப்ஜெக்ட்டால மட்டும் பொருந்தினது நிறைய இருந்தா, நீங்க அனுப்புற வழியில எங்கேயோ ஐடி மாறுது. அந்த எண்ணிக்கையையும், எது வழியா மெயில் அனுப்பறீங்கங்கறதையும் கமெண்ட்ல போடுங்க. ஹெடரை ஒட்டறதா இருந்தா முகவரிகளை அழிச்சுட்டு ஒட்டுங்க, ப்ளீஸ்.