காலில் ஊதாக் கோடுகள்: சிலந்தி நாளங்களுக்குச் சிகிச்சை வேண்டுமா?

[காட்சி: முழங்காலின் பக்கவாட்டில் மெல்லிய ஊதாக் கோடுகள், மிக அண்மையில். ஒரு விரல் வந்து அழுத்துகிறது.]

அழுத்தினால் ஒரு கணம் மறைகிறது. விரலை எடுத்ததும் மறுபடி நிரம்புகிறது. தடவிப் பார்த்தால் மேடு எதுவும் தட்டுப்படாது. இவைதான் சிலந்தி நாளங்கள். தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் மிகச் சிறிய இரத்தக் குழாய்கள் விரிந்துபோய் வெளியே தெரிகின்றன. பருமன் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. மூன்று மில்லிமீற்றரோ அதற்கு மேலோ தடித்து, நிற்கும்போது புடைத்து நெளிந்தால் அது வெரிக்கோஸ்.

[காட்சி: புடவைக் கடையில் துணி விரித்துக் காட்டும் பெண்; அவரது கால்கள்.]

காலுக்கு வந்த இரத்தம் மேல்நோக்கி ஏறித்தான் இதயத்துக்குத் திரும்ப வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை நாளங்களைப் பிழிந்து அதை மேலே தள்ளும். உள்ளே இருக்கும் வால்வுகள் கீழே இறங்காமல் தடுக்கும். நின்றது நின்றபடி இருந்தால் அந்தத் தசைக்கு வேலை இல்லை, நாளத்தில் அழுத்தம் கூடும். யாழ்ப்பாண நகரத்துக் கடைகளில் திறந்த நேரம் முதல் பூட்டும்வரை நிற்கும் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே கொண்டுவந்தார்கள். இங்குள்ள முதலாளிமாரும் இரண்டு ஸ்டூல் வாங்கிப் போடலாம்.

ஆனால் பழி முழுவதையும் நிற்பதன்மேல் போட முடியாது. பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. வயது, உடற்பருமன், பெண்களின் ஹோர்மோன், கர்ப்பகாலம் எல்லாம் சேரும். கர்ப்பத்தின்போது வந்தவை பிள்ளை பிறந்து சில மாதங்களில் தாமாகவே மங்குவதுண்டு. அதற்குமுன் அவசரப்பட வேண்டாம். கால்மேல் கால் போட்டால் வரும் என்று அம்மம்மா ஏசியிருப்பார். அதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

பெரும்பாலும் இவற்றால் ஆபத்து இல்லை. மாலையில் கால் வீங்கினால், கணுக்காலைச் சுற்றித் தோல் கருத்தால், புண் வந்து ஆறாமல் இருந்தால் கோடுகளை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் பெரிய நாளங்களை ஸ்கான் செய்து பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாகி, நோவெடுத்தால் அது நாளத்துக்குள் இரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம். கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் அன்றே யாழ். போதனா வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

[காட்சி: மிக மெல்லிய ஊசி, ஒரு நீலக் கோட்டின்மேல்.]

சிகிச்சை என்றால் முதலில் வருவது ஊசி. பொலிடோக்கனோல் போன்ற மருந்தை நாளத்துக்குள் மெதுவாகச் செலுத்துகிறார்கள். மருந்து ஓடும் திசையில் கோடு வெளிறிக்கொண்டே போவதைக் கண்ணால் பார்க்கலாம். பிறகு நுளம்பு கடித்ததுபோலத் தடிப்பு எழும், அது தணிந்துவிடும். மருந்து நாளத்தின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது, சுவர்கள் ஒட்டிக்கொள்கின்றன, மூடிய நாளத்தை உடல் சில வாரங்களில் கரைத்துவிடுகிறது. ஒரே தடவையில் எல்லாம் போகாது. அன்றே எழுந்து நடக்க வேண்டும். இறுக்கமான காலுறையும் போடச் சொல்வார்கள். நம் வெயிலில் அது ஒரு தண்டனைதான்.

இணையத்தில் வரும் 'முன், பின்' படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை; நம் தோலிலும் அப்படியே வருமென்று எண்ணாதீர்கள். ஊசி போட்ட இடத்தில் இரத்தத்தின் இரும்பு தங்கிப் பழுப்புக் கறை விழுவதுண்டு. பலருக்குச் சில மாதங்களில், சிலருக்கு ஒரு வருடம் கழித்து மங்கும், சிலருக்கு நிலைத்தும்விடும். ஊதாக் கோட்டைக் கொடுத்துப் பழுப்புக் கோட்டை வாங்கச் சம்மதமா என்று முதலே யோசியுங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி போடுவதில்லை. முன்பு நாளத்துக்குள் இரத்தம் கட்டியிருந்தால் கட்டாயம் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

லேசரிலும் நம் தோல்நிறம் குறுக்கே வரும். இரத்தத்தின் சிவப்பைச் சுட வேண்டிய ஒளியைத் தோலின் கருநிறமும் உறிஞ்சும். 532 நனோமீற்றர் அலைநீளமுள்ள லேசர் நம் தோலைச் சுட்டுவிடக்கூடும். 1064 நனோமீற்றர் ஒளி ஆழமாகச் செல்லும், கருநிறத்தை அதிகம் தொடாது. எந்த லேசர் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறும் இடத்தில் காலைக் கொடுக்காதீர்கள். காலுக்குப் பொதுவாக ஊசிதான் மேல், முகத்துக்கு லேசர்.

கிறீம் பூசிக் கோடு போகாது. எண்ணெய் தேய்த்து உருவினால் கால் அலுப்புத் தீரும், அவ்வளவே. மூடிய நாளம் திரும்பாவிட்டாலும் பக்கத்தில் புதியது வரலாம்; 'இனி வரவே வராது' என்று யாரும் உத்தரவாதம் தந்தால் சந்தேகப்படுங்கள். சேலை மறைக்கும் இடத்துக்கு ஏன் இவ்வளவு செலவு என்று கேட்பார்கள். கால் உங்களுடையது.

[காட்சி: பயணப் பெட்டிகள், விமான டிக்கெட்.]

நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிறவர்கள், வந்த கையோடு இதையும் செய்துகொண்டு போகலாம் என்று நினைப்பதுண்டு. ஊசிக்குப் பின் சில வாரங்களுக்கு நீண்ட விமானப் பயணம் வேண்டாம் என்பார்கள். அசையாமல் உட்கார்ந்திருந்தால் காலில் இரத்தம் கட்டும் அபாயம் கூடும். திரும்பும் திகதியை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.