தட்டிப் பார்க்க முடியாத கார்

நேயர்களுக்கு வணக்கம். பழைய கார் வாங்கப் போகிறவர் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார், அப்புறம் மட்கார்டை விரலால் தட்டுவார். பள்ளத்தை மறைக்கப் பட்டி பூசிய இடம் சத்தத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். இணைய ஏலத்தில் இதற்கெல்லாம் வழியில்லை. ஆனாலும் சேகரிப்புக் கார்கள் அங்கேதான் இன்று ஏராளமாகக் கைமாறுகின்றன.

அமெரிக்காவின் 'பிரிங் எ டிரெய்லர்' என்ற கார் ஏலத் தளம் 2007-இல் தொடங்கியபோது, எங்கெங்கோ விற்பனைக்கு வந்த நல்ல வண்டிகளைச் சுட்டிக்காட்டியதோடு சரி. 2014-இல்தான் தானே ஏலம் விட ஆரம்பித்தது. 'டிரெய்லரோடு வா', அதாவது காரை ஏற்றிப்போக இழுவண்டியோடு வா என்ற பெயரிலேயே, வண்டி ஓடாமலும் இருக்கலாம் என்ற குறும்பு தெரிகிறது.

விற்பவருக்கு என் யோசனை: துருவைப் படம் எடுங்கள். அடிப்பாகம், இருக்கைக் கிழிசல், பெயின்ட் உரிந்த மூலை, எல்லாவற்றையும். ராத்திரி முழுக்க நின்ற என்ஜினைக் காலையில் கிளப்பும் காணொளியும் வேண்டும். சூடான என்ஜின் பல நோய்களை மறைத்துவிடும். நீங்கள் காட்டாத இடத்தைத்தான் வாங்க வருபவர் சந்தேகப்படுவார், சந்தேகப்பட்ட அளவுக்கு விலையைக் குறைத்தே கேட்பார். என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆலையில் இருந்து வந்தபடியே பொருந்தினால் அதற்கும் தெளிவான படம் போடுங்கள். விலையைத் தூக்கிவிடுகிற விஷயம் அது.

வாங்குபவர், வண்டி நிற்கும் ஊரிலேயே ஒரு மெக்கானிக்கைப் பிடித்துப் பார்க்கச் சொல்வது நல்லது. கேட்கப் போகும் தொகைக்குள் தளத்தின் கமிஷனையும் லாரி வாடகையையும் முன்பே அடக்கிக்கொள்ளுங்கள். 5 சதவீதக் கமிஷன் என்றால், 20,000 டாலர் வண்டிக்கே 1,000 டாலர் கூடும்.

கடைசி நொடியில் கேட்டுத் தட்டிப் பறிக்கலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. கடைசி இரண்டு நிமிடத்துக்குள் யாராவது விலை ஏற்றினால், கடிகாரம் மறுபடி இரண்டு நிமிடத்துக்குப் போய்விடும். இருவருக்குப் பிடிவாதம் வந்துவிட்டால், முடிய வேண்டிய ஏலம் இழுத்துக்கொண்டே போகும். விற்பவருக்கு அது தேன்.

இன்னொன்று, 'இதற்குக் கீழே தரமாட்டேன்' என்று விற்பவர் மறைவாக வைக்கும் விலை. ஆசைப்பட்டு அதிகமாக வைத்துவிட்டு, விலை படியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வீட்டிலேயே நிற்கும். ஆனால் கடைசியாகக் கேட்ட தொகை தளத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அடுத்த மாதம் விசாரிக்க வருகிறவர் அந்தத் தொகையைப் படித்துவிட்டுத்தான் வருவார்.