மயாமி பீச்: நிழல் கொடுத்த ஓட்டல்களும் நிழலால் வந்த வழக்கும்

வணக்கம் மக்களே! ஜனவரி மாதம், காலை பத்து மணி, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், மயாமி பீச் நகரின் ஓஷன் டிரைவ் என்ற கடற்கரைச் சாலையில் நிற்கிறேன். வலது பக்கம் பூங்கா, அதைத் தாண்டினால் கடல். இடது பக்கம் முழுக்க ஓட்டல்கள். கிழக்கே பார்த்த வாசல் என்பதால் வெயில் நேராக முகப்பில் அடிக்கிறது.

இதோ, கார்டோசோ ஓட்டல். ஹென்றி ஹோஹவுசர் வடிவமைத்து 1939இல் கட்டியது. ஜன்னலுக்கு மேலே ஒரு பட்டை ஓடி, மூலையில் வளைந்து திரும்புகிறது பாருங்கள். நம் ஊரில் சன்ஷேடு என்போமே, அதுதான். இங்கே இதற்குப் பெயர் ‘புருவம்’! ஏசி பரவாத காலத்தில் அறைக்குள் வெயில் ஏறாமல் தடுத்தது இதுதான். கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன்: கண்ணாடியில் பாதிவரை நிழல் விழுந்திருக்கிறது. அழகுக்கு என்று நினைத்துப் பார்த்த கோடு இவ்வளவு வேலை செய்கிறது! இந்த ஓட்டல்களில் பலவற்றின் தரை, நம் பாட்டி வீட்டில் பார்த்த அதே மொசைக்தான். சலவைக்கல் சில்லுகளைச் சிமெண்டில் பதித்துத் தேய்த்தது.

1970களில் இந்தக் கட்டடங்களை இடிக்கத் திட்டமிட்டார்கள். பார்பரா கேப்பிட்மேன் என்ற பெண்மணி 1976இல் ஆட்களைத் திரட்டிப் போராடினார். 1979இல் இந்தப் பகுதி அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் ஏறியது. அப்படியும் 1988இல் செனட்டர் ஓட்டலை இடித்துவிட்டார்கள், கார் நிறுத்த இடம் வேண்டுமென்று. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, வடக்கே காலின்ஸ் அவென்யூவுக்கு வந்துவிட்டேன். வளைந்து நிற்கும் இது ஃபோன்டன்புளூ ஓட்டல், 1954. பக்கத்தில் ஈடன் ராக் ஓட்டல், 1955. இரண்டையும் வடிவமைத்தவர் ஒரே ஆள், மாரிஸ் லாபிடஸ். அப்புறம் ஃபோன்டன்புளூ 14 மாடியில் இன்னொரு கட்டடம் எழுப்பக் கிளம்பியது. குளிர்காலத்தில் மதியம் இரண்டு மணிக்கு மேல் ஈடன் ராக்கின் நீச்சல் குளத்தில் அதன் நிழல் விழும். வடக்கு மாநிலங்களின் பனிக்குத் தப்பி, வெயில் காயவே வருகிறவர்களின் குளம் அது! ஈடன் ராக் வழக்குப் போட்டது. பக்கத்து நிலத்தைத் தாண்டி வரும் வெயிலுக்குச் சட்டப்படி உரிமை கிடையாது என்று 1959இல் ஃபுளோரிடா மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டடமும் எழுந்தது, ஈடன் ராக் பக்கம் பெரும்பாலும் ஜன்னலே இல்லாத சுவராக.

என் மனசு அந்தக் குளத்துக்காரர்கள் பக்கம்தான். இப்போது மணி இரண்டாகப் போகிறது. வாருங்கள், மணலில் இறங்கி நிழல் எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்ப்போம்.