முன்வார்ப்புக் கட்டடம்: ஆலைக்கும் சைட்டுக்கும் நடுவில்

நேயர்களுக்கு வணக்கம்.

சுவர், தளம், தூண், படிக்கட்டு எல்லாவற்றையும் ஆலையிலேயே கான்கிரீட்டில் வார்த்து, டிரெய்லரில் கொண்டுவந்து, கிரேனால் தூக்கிப் பூட்டும் கட்டுமான முறையைப் பற்றிப் பேசப் போகிறேன். வேகம்தான் இதன் பலம் என்பார்கள். வடிவமைப்பாளர், ஆலை, லாரிக்காரர், பூட்டும் குழு ஆகிய நால்வரும் ஒருவருக்கொருவர் உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டால்தான் அந்த வேகம் கைக்கு வரும்.

ஒரு கணக்குப் போடுவோம். கட்டடத்துக்கு 600 பாகங்கள் வேண்டும். ஆலை நாளுக்கு 10 வார்க்கிறது. 60 நாள் வேலை. கிரேன் நாளுக்கு 20 பூட்டும். 30 நாள் வேலை. இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் கிரேன் பாதி நேரம் சும்மா நின்று வாடகை மட்டும் ஏறும். ஆலை 300 பாகங்களை முடித்த பிறகு பூட்ட ஆரம்பித்தால் கிரேனுக்கு இடைவிடாமல் வேலை இருக்கும். கான்கிரீட் இறுக வேண்டிய நாட்களையும் சேர்த்தால் தொடக்கம் இன்னும் சற்றுத் தள்ளும்.

அந்த 300 பாகங்களை எங்கே அடுக்குவது? அதுவரை சிமென்டுக்கும் கம்பிக்கும் கூலிக்கும் யார் முதல் போடுவது? பூட்டி முடித்த பிறகுதான் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், ஆலை முன்கூட்டி வார்க்கத் தயங்கும். அதில் ஆலையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வார்த்து, சோதித்து, எண் எழுதி ஆலையின் யார்டில் (திறந்த கிடங்கில்) தனியாக அடுக்கிய பாகத்துக்கு ஒரு பங்கு, சைட்டில் இறங்கியதும் ஒரு பங்கு, பூட்டியதும் மீதி என்று பணத்தைப் பிரித்துவிடலாம். பணம் கொடுத்த பாகம் யாருடைய உடைமை, காப்பீடு யார் பெயரில் என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.

அடுத்தது தேதி. 20ஆம் தேதி தேவைப்படும் பேனலை, அதாவது ஆலையில் வார்த்த சுவர்ப் பலகையை, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 10ஆம் தேதிக்கே கேட்கும் வழக்கம் பல சைட்டுகளில் உண்டு. ஆலை இரண்டு முறை அவசரமாக வார்த்து அனுப்பும். அங்கே இறக்க இடம்கூட இல்லை என்று தெரியும். மூன்றாம் முறை, சைட் சொல்லும் தேதியை ஆலை தானாகவே பத்து நாள் தள்ளிப் போட்டுக்கொள்ளும். அன்றைக்குப் பார்த்துத் தேதி உண்மையாக இருந்தால் வேலை நிற்கும். அவசரத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. வடிவமைப்பாளர் குறித்த வலிமை வருமுன் பேனலை அச்சிலிருந்து தூக்கினால், தூக்குவதற்குக் கொக்கி பதித்த இடத்தைச் சுற்றி மயிரிழை விரிசல் விடும். ஆறு வார அட்டவணையை வாரம் ஒரு முறை இரு தரப்பும் சேர்ந்து திருத்தட்டும். மழையிலோ அடித்தள வேலையிலோ நாள் தள்ளினால் அன்றே ஆலைக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஒரே வகைப் பேனலைத் தொடர்ந்து வார்ப்பது ஆலைக்கு லாபம். அச்சை மாற்றி அமைக்கப் பல மணி நேரம் போகும். சைட்டுக்கோ ஒரு மாடிக்கான எல்லா வகையும் ஒன்றாக வேண்டும். சுவரெல்லாம் வந்து படிக்கட்டு மட்டும் வராவிட்டால் அந்த மாடி முடியாது. அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் பூட்டும் வரிசை எண்ணை வரைபடத்திலேயே கொடுத்து, வார்க்கும் வரிசையை அதிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும்.

அந்த எண் லாரிக்கும் வேண்டும். 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 150 மில்லிமீட்டர் கனமுள்ள சுவர் 2.7 கன மீட்டர். கன மீட்டருக்கு 2.5 டன் என்று வைத்தால் 6.75 டன். 25 டன் ஏற்றும் டிரெய்லரில் மூன்றுதான் போகும். நான்காவதை ஏற்றினால் 27 டன் ஆகிவிடும். பேனல்களை நடுச் சட்டத்தின் இரு பக்கமும் சாய்த்து நிறுத்துவார்கள். ஒரே பக்கத்திலிருந்து வரிசையாக எடுத்தால் மறுபக்க எடையில் வண்டியே சாயலாம். ஆகவே மாற்றி மாற்றி எடுக்கும்படியும், முதலில் பூட்டுவது வெளிப்பக்கம் இருக்கும்படியும் ஏற்ற வேண்டும். கிரேனின் கை நீள நீள அது தூக்கும் எடை குறையும். கிரேன் நிற்குமிடம் தெரியாமல் பேனலின் அளவை முடிவு செய்யாதீர்கள்.

மின் பெட்டி, தண்ணீர்க் குழாய்த் துளை, ஜன்னல் சட்டம் இவற்றின் இடத்தை அந்தந்த வேலைக்காரர் ஷாப் டிராயிங்கில் (ஆலை வார்ப்பதற்கான விவர வரைபடத்தில்) பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அச்சுக்குப் போக வேண்டும். பிறகு துளைத்தால் கம்பி அறுபடும்.

இனி இணைப்பு. இங்கேதான் எனக்குக் கவலை அதிகம். அடித்தளத்திலிருந்து நீட்டி நிற்கும் 20 மில்லிமீட்டர் கம்பி, சுவரின் அடியில் பதித்த 60 மில்லிமீட்டர் குழாய்க்குள் நுழைய வேண்டும் என்று வையுங்கள். சுற்றிலும் 20 மில்லிமீட்டர்தான் இடம். கம்பி 30 மில்லிமீட்டர் விலகினால் பேனல் உட்காராது. உடனே யாராவது கம்பியை வளைப்பார்கள், இல்லையேல் அறுப்பார்கள். இரண்டும் ஆபத்து. பேனல் வரைபடத்தை வைத்தே ஆலை ஓர் இரும்புச் சட்டம் செய்து அனுப்பினால், அடித்தளக் கான்கிரீட் போடுமுன் கம்பிகளை அதில் பிடித்து நிறுத்தலாம். கான்கிரீட் போட்டபின் அளந்த விவரம் ஆலைக்குத் திரும்பிப் போக வேண்டும்.

1968 மே 16 அன்று லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற, முன்வார்ப்புப் பேனல்களால் கட்டிய 22 மாடிக் கட்டடத்தின் 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்தது. சுவர்ப் பேனல் வெளியே தள்ளப்பட்டு, அந்த மூலை முழுவதும் மேலிருந்து கீழ் வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். 1986இல் கட்டடத்தைப் பிரித்தபோது இணைப்புகளில் மோசமான வேலை வெளிப்பட்டது.

கம்பி நுழைந்த குழாயை நிரப்பும் சிமென்ட் கலவையான கிரவுட்டை ஊற்றுவது ஆலையின் வேலையா, பூட்டும் குழுவின் வேலையா என்று எழுதாத ஒப்பந்தங்களில், அது நாள் கூலிக்கு வந்தவர் கையில் போய்ச் சேர்கிறது. பொறுப்பாளர் பெயரை எழுதுங்கள். குழாயின் மேல் துளையில் கிரவுட் வழிவதைப் பேனல் எண்ணோடு படமெடுங்கள். கிரவுட் மாதிரிக் கட்டி குறித்த வலிமையைக் காட்டி, வடிவமைப்பாளர் தாளில் கையெழுத்திடும் வரை பேனலைத் தாங்கி நிற்கும் சாய்வு முட்டுகளைக் கழற்ற யாரையும் விடாதீர்கள்.

வணக்கம்.