ஜப்பான் டிவியில் மணி 25:30

வணக்கம் நண்பர்களே. திரையில் இருப்பது ஜப்பானிய நிகழ்ச்சி அட்டவணை. வெள்ளிக்கிழமைக்குக் கீழே பாருங்கள்: 25:30. அச்சுப்பிழை இல்லை. சனிக்கிழமை அதிகாலை ஒன்றரை மணியைத்தான் அப்படிப் போட்டிருக்கிறார்கள்.

நள்ளிரவு தாண்டியும் விழித்திருப்பவருக்கு அது இன்னும் வெள்ளி இரவுதானே? ‘சனி 1:30’ என்று அச்சிட்டால், பலர் ஒரு நாள் தள்ளிச் சனி இரவில் காத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் கிழமையை மாற்றாமல் 24, 25, 26 என்று எண்ணிக்கொண்டே போகிறார்கள். பார்க்கிறவரின் பக்கம் நின்று யோசித்த ஏற்பாடு. எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஏன் அவ்வளவு நேரம் கழித்து? மாலை நேரம் குடும்பத்துக்கு. ‘சஸாயெ-சான்’ என்ற குடும்பக் கார்ட்டூன் தொடர் 1969 முதல் ஃபுஜி டிவியில் ஞாயிறு மாலை வந்துகொண்டிருக்கிறது. அது முடிந்தால் திங்கள் வந்துவிட்டதே என்று மனம் சோர்வதற்கு, அந்தத் தொடரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்! பெரியவர்களுக்கான அனிமே, அதாவது ஜப்பானிய கார்ட்டூன் தொடர்கள், பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டியே வருகின்றன. அந்த நேரம் விலை குறைவு. தொடருக்குப் பணம் போட்ட நிறுவனங்கள் கூட்டாகச் சேர்ந்து அதை வாங்கிக்கொள்கின்றன. போட்ட பணத்தை டிஸ்க், பொம்மைகள், வெளிநாட்டு உரிமை என்று வேறு வழிகளில் எடுக்கப் பார்க்கின்றன.

அடுத்தது, காலாண்டுக் கணக்கு. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் புதுத் தொடர்கள் வரும். ஒரு காலாண்டை ‘கூர்’ என்பார்கள். ஏறத்தாழ 12, 13 எபிசோடுகள். ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் காலைத் தொடர் திங்கள் முதல் வெள்ளி வரை தினம் 15 நிமிடமாக அரை ஆண்டு ஓடும். ஞாயிறு இரவின் சரித்திரத் தொடர் ஓராண்டு. முதல் காட்சியை எழுதும்போதே கடைசிக் காட்சி எந்த மாதம் என்று எழுத்தாளருக்குத் தெரியும். நம் மெகா தொடர்களில் டிஆர்பி இருக்கும்வரை இழுக்கிறார்கள். அழகாகத் தொடங்கிய எத்தனை கதைகள் இப்படி நீர்த்துப்போயின! முடிவு தேதியோடு ஒரு தொடரை நம் சேனல்களும் தொடங்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இனி, கணக்கு எளிது. ஜப்பான் நேரத்தில் மூன்றரை மணியைக் கழியுங்கள். வெள்ளி 25:30 என்றால் இந்தியாவில் வெள்ளி இரவு பத்து. சனி 26:00 என்றால் சனி இரவு பத்தரை. கிழமையை மாற்றவே வேண்டாம். ஸ்ட்ரீமிங்கில் சில தொடர்கள் சற்றுத் தாமதமாக வரும். அந்த நேரத்தை அந்தந்தத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.